கார் கதவில் பைக் உரசிவிட்டது, செலவு ஏழாயிரம் சொல்கிறார்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் போடலாமா, கைக்காசு போட்டுச் சரிசெய்யலாமா?

நீங்கள் சொன்ன விவரப்படி பார்த்தால் போட வேண்டாம். 1,200 சிசி கார், பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காமல் தருகிற பாலிசி) கிடையாது, மூன்று வருடமாகக் கிளெய்மே இல்லாமல் 35% என்.சி.பி.க்கு, அதாவது கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடிக்கு, வந்திருக்கிறீர்கள். ஏழாயிரத்துக்காக இதைக் கலைப்பது நஷ்டம்.

முதலில் அந்த ஏழாயிரமே உண்மைதானா என்று பாருங்கள். வண்ணார்பேட்டையில் நான் வண்டி விடுகிற பட்டறைக்காரர் எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் கீறல் மேல் குறுக்கே நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பார். நகம் எங்கேயும் சிக்காமல் வழுக்கிப் போனால், "இது ரப்பிங் போட்டாலே போயிரும் அண்ணாச்சி, பெயிண்டுக்குத் துட்ட வீணாக்காதீய" என்பார். சிக்கினால்தான் பட்டி, பெயிண்ட் எல்லாம். பெரிய ஒர்க்‌ஷாப்பில் இப்படிப் பார்க்க மாட்டார்கள். வண்டி உள்ளே நுழைந்ததுமே "இன்சூரன்ஸ் இருக்கா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. இருக்கு என்று சொன்ன பிறகு வருகிற எஸ்டிமேட் வேறு. கைக்காசுக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

சரி, ஏழாயிரம் என்றே வைப்போம். கிளெய்ம் போட்டால் ஏழாயிரமும் வராது. 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய், அது உங்கள் தலையில்தான். பெயிண்டிங் பில்லில் கால்வாசியைப் பெயிண்ட் பொருளின் விலை என்று எடுத்து, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். கதவை மாற்றாமல் டிங்கரிங், பெயிண்டிங் மட்டும் என்றால் கையில் வருவது ஏறக்குறைய ஐந்தரை ஆயிரம்.

போவது எவ்வளவு? இங்கேதான் நிறைய பேர் அடுத்த வருடத்தை மட்டும் பார்க்கிறார்கள். என்.சி.பி. படி ஏறுவது 20, 25, 35, 45, 50 என்று. கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த ரினீவலில் உங்களுக்கு 45%, அதன்பின் 50%. போட்டால் அடுத்த வருடம் பூஜ்யம், மறுபடி 20-லிருந்து ஏற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வருடாவருடம் எழுதினால் 45, 30, 25, 15, 5. மொத்தம் 120%. அதாவது ஒரு முழு வருட ஓ.டி. (உங்கள் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான) பிரீமியத்தைவிடக் கூடுதலாகப் போகிறது. தள்ளுபடிக்கு முந்தைய ஓ.டி. 8,000 என்றால் ஐந்து வருடத்தில் 9,600, அதற்கு மேல் 18% ஜி.எஸ்.டி. வண்டியின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும், அதனால் கொஞ்சம் கம்மியாகலாம். அப்படியும் ஐந்தரை ஆயிரத்துக்கு இது கட்டுப்படியாகாது. பாலிசியில் மொத்தத் தொகையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். தேர்டு பார்ட்டி (உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற பாதிப்புக்கான) பிரீமியத்துக்கு இந்தத் தள்ளுபடியே கிடையாது, ஓ.டி. என்று போட்டிருக்கிற தொகையை மட்டும் பாருங்கள்.

வண்டியை விற்கப் போகிறோமே, பிறகு என்.சி.பி. எதற்கு என்றும் நினைக்க வேண்டாம். அது வண்டியோடு போகாது, உங்களோடுதான் வரும். கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்துப் புது காருக்குக் காட்டலாம். ரினீவலை மட்டும் 90 நாளுக்கு மேல் விட்டுவிடாதீர்கள், அப்புறம் எல்லாம் போய்விடும்.

"கிடக்கிற பழைய கீறலையும் சேர்த்து ஒரே கிளெய்மாப் போட்டிரும்வே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். எங்கள் பக்கம் இதற்கு ஆள் பஞ்சமே இல்லை. துரு ஏறிய கீறல் நேற்று விழுந்ததல்ல என்பது சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயருக்குத் தெரியாதா? தனித்தனிச் சம்பவம் என்றால் தனித்தனிக் கிளெய்ம், ஒவ்வொன்றுக்கும் பிடித்தம்.

முன்பக்கம் இடித்திருந்தால் மட்டும் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். என் மாமா ராத்திரியில் அம்பாசமுத்திரம் ரோட்டில் வரும்போது மாடு குறுக்கே வந்துவிட்டது. வெளியே பார்த்தால் பம்பரில் ஒரு விரிசல், அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் ஏ.சி. கண்டென்சர் நசுங்கி, ஹெட்லைட்டைப் பிடித்திருக்கிற காதும் உடைந்திருந்தது. யோசிக்காமல் கிளெய்ம் போட்டார், அதுதான் சரி. ஆனால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகத்துக்கெல்லாம் 50% தேய்மானம் கழிப்பார்கள் என்பதால் அவர் கையிலிருந்தும் கணிசமாகப் போனது. அதனால் கழற்றிப் பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள். அதே சமயம் கம்பெனிக்குச் சொல்லாமல் வேலையை ஆரம்பித்துவிட்டுப் பிறகு கிளெய்ம் கேட்டால் நடக்காது.

கடைசியாக ஒன்று, பைக்கில் வந்த பையனுக்கு அடி எதுவும் இல்லையே? நீங்கள் அதை எழுதவில்லை. சின்னச் சிராய்ப்பு என்றாலும் "விடுங்க அண்ணாச்சி, நம்ம ஊர்ப் பையன்தான்" என்று கூட்டம் பேசிமுடித்து அனுப்பியதோடு விட்டுவிடாமல், போலீசுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். கதவுக்குக் கிளெய்ம் போடுகிறீர்களா இல்லையா என்பது வேறு விஷயம். நாளைக்கு அந்த வீட்டார் நஷ்டஈடு கேட்டுத் தீர்ப்பாயம் போனால், உங்கள் தேர்டு பார்ட்டி பாலிசிதான் பதில் சொல்ல வேண்டும்.