வெள்ளத்தில் சிதறும் தோட்டக் குடும்பங்களின் கணக்கை எப்படி வைப்பது?

கேள்வி: சிகாமட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியது எங்கள் ஊர். தண்ணீர் ஏறினால் ஜனங்கள் நாலாபக்கமும் போய்விடுகிறார்கள். சிலர் பள்ளியில் திறக்கும் நிவாரண மையத்துக்கு, சிலர் கோயில் மண்டபத்துக்கு, சிலர் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு. நாங்கள் எழுதும் பெயர்ப் பட்டியலும் சமூக நல இலாகாவின் பட்டியலும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. ஒரு பக்கம் மீ (நூடுல்ஸ்) மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது, மறுபக்கம் ஒரு பாட்டி இன்சுலின் இல்லாமல் இருந்திருக்கிறார், எங்களுக்கே தெரியவில்லை. தோட்டத்து மியன்மார்க் குடும்பங்கள் பெயர் சொல்லவே பயப்படுகின்றன. அடுத்த மழைக்குள் ஒழுங்காகக் கணக்கு வைக்க என்ன வழி? (கோயில் நிர்வாகச் செயலாளர், ஜோகூர், மலேசியா)

பதில்: ஐயா, எழுதுகிறவரின் கவனக்குறைவு அல்ல இது. ஒரே தாளில் மூன்று கேள்விகளைப் போட்டு அடைத்திருக்கிறீர்கள்: யார் யார், இப்போது எங்கே, என்ன குறை. முதலாவது பெரிதாக மாறாது. இரண்டாவது மணிக்கு மணி மாறும். மூன்றாவது இரண்டொரு நாளுக்கு ஒருமுறை மாறும். வெவ்வேறு வேகத்தில் மாறுகிற மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்தால், ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று அழியும். அனைத்துலகக் குடிபெயர்வு அமைப்பு 2004-ல் ஈராக்கில் தொடங்கி இன்று பல நாடுகளில் பயன்படுத்தும் இடப்பெயர்வுக் கண்காணிப்பு முறையிலும் ஆட்பதிவு, நடமாட்டம், தேவை அறியும் ஆய்வு எல்லாம் தனித்தனி வேலைகள்தான். உங்கள் ஊருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். மூன்று நீளப் புத்தகம் போதும்.

மழைக்கு முன்: வீட்டுப் புத்தகம்

பெரும்பாலோர் செய்யும் பிழை, ஜனங்கள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த பிறகு எழுதத் தொடங்குவது. அப்படி எழுதினால் வந்தவர்கள் மட்டும்தான் தெரிவார்கள், வராதவர்கள் தெரியமாட்டார்கள். தேட வேண்டியதோ வராதவர்களை. ஆகவே பட்டியல், ஜனங்கள் கிளம்பும் இடத்திலிருந்து, அதாவது லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தொடங்க வேண்டும். ஜோகூரில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். ஆனால் 2023-ல் சிகாமட்டை வெள்ளம் சூழ்ந்தது மார்ச் மாதம். 2006 டிசம்பர், 2007 ஜனவரி, 2011 ஜனவரிக் கடைசி என்று முந்தியவை வேறு வேறு மாதங்கள். அக்டோபரில் புத்தகத்தைத் தயார் செய்து, மார்ச் முடியும்வரை கையெட்டும் இடத்தில் வையுங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். இரண்டாம் லயம் ஏழாம் வீடு என்றால் 2-07. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தால் 2-07அ, 2-07ஆ. தோட்டத்துக்கு வெளியே ஆற்றோரம் சொந்தக் குடிசை போட்டிருப்பவர்கள், வேலை ஓய்வு பெற்றுத் தோட்ட வீட்டைக் காலி செய்துவிட்டு அக்கம்பக்கத்தில் ஒண்டியிருப்பவர்கள், இவர்களுக்கு 9-01 என்று தனி வரிசை கொடுங்கள். எல்லாப் பட்டியலிலும் விட்டுப்போகிறவர்கள் இவர்கள்தான், ஏனென்றால் தோட்ட அலுவலகத்தின் ஆட்கணக்கில் இவர்கள் கிடையாது.

இந்த எண்ணை ஒரு கெட்டி அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். பெயரை நம்பிக் கணக்கு வைக்க முடியாது. வீட்டில் 'பாப்பா', அடையாள அட்டையில் 'பாப்பாத்தி', நிவாரண மைய எழுத்தர் மலாயில் எழுதும்போது இன்னொரு எழுத்துக்கூட்டு. ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். அடையாள அட்டையின் 12 இலக்கத்தையும் நீங்கள் எழுதி வைக்க வேண்டியதில்லை. கடைசி நான்கு இலக்கம் போதும், அதோடு பெயரும் சேர்ந்தால் சில நூறு குடும்பங்களுக்குள் குழப்பம் வராது. சிவப்பு அட்டைக்காரர்களும் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்) எந்த அட்டையும் இல்லாதவர்களும் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டு எண்ணே அடையாளம்.

வீட்டுக்கு எழுத வேண்டியவை இவ்வளவே: வீட்டு எண், குடும்பத் தலைவர், ஒரு கைப்பேசி எண், வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் எண், வயதுப்படி ஆள் எண்ணிக்கை (2 வயதுக்குக் கீழ், 2 முதல் 5, 6 முதல் 17, 18 முதல் 59, 60-உம் அதற்கு மேலும், ஆண் பெண் தனித்தனி), நாள் தவறாமல் சாப்பிடும் மருந்து. அந்த வெளியூர் எண்ணைத் தவற விடாதீர்கள். வெள்ளத்தன்று உள்ளூர்க் கைப்பேசிகளில் பாதி சார்ஜ் இல்லாமல் கிடக்கும். ஈப்போவில் இருக்கும் மகளுக்கு அம்மா எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்கும்.

'ஊனமுற்றவர் யாராவது உண்டா?' என்று கேட்காதீர்கள், பலர் 'இல்லை' என்றே சொல்வார்கள். அனைத்துலக அளவில் பயன்படும் ஆறு கேள்விகள் இருக்கின்றன: கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா, கருவி வைத்தும் கேட்கச் சிரமமா, நடக்க அல்லது படியேறச் சிரமமா, ஞாபகம் வைக்கச் சிரமமா, குளிக்க உடுத்தச் சிரமமா, பேசிப் புரியவைக்கச் சிரமமா. பதில் 'இல்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது' என்று நான்கில் ஒன்று. 'ரொம்ப' அல்லது 'முடியவே முடியாது' வந்தால் அந்த வீட்டு எண்ணைச் சிவப்பு மையால் சுற்றுங்கள். தண்ணீர் ஏறும் முன்பே வண்டி போக வேண்டிய வீடு அது.

நடமாட்டப் புத்தகம்: எதையும் அழிக்காதீர்கள்

யார் எங்கே என்பதை வங்கிக் கணக்குப் புத்தகம் போல எழுத வேண்டும். பழைய வரியைத் திருத்தக் கூடாது, புது வரி சேர்க்க வேண்டும். தேதி, மணி, வீட்டு எண், எத்தனை பேர், எங்கிருந்து, எங்கே, யார் சொன்னது. 2-07 வீட்டில் ஆறு பேர் மண்டபத்துக்கு வந்து, மறுநாள் இரண்டு பேர் லாபிஸில் அண்ணன் வீட்டுக்குப் போனால், அது இரண்டாவது வரி. ஆறை அடித்து நான்கு என்று எழுதினால், அந்த இரண்டு பேருக்கு உதவி போக வேண்டிய தடமே போய்விடும். 'யார் சொன்னது' என்பதை விடாமல் எழுதுங்கள். சம்பந்தப்பட்டவரே சொன்னதற்கும் பக்கத்து வீட்டார் சொன்னதற்கும் பெறுமதி ஒன்றல்ல.

எண்ணிக்கையை எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்பதில் பாதி பிரச்சினை இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் எண்ணினால் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பவர்களும் தொண்டர்களும் சேர்ந்துவிடுவார்கள். காலை பத்து மணிக்கு எண்ணினால் வீட்டைக் கழுவப் போனவர்கள் விட்டுப்போவார்கள். அவர்களை 'திரும்பிவிட்டார்கள்' என்று எழுதிவிட்டால் ராத்திரிச் சாப்பாடு பற்றாது. அதனால் இரண்டு எண்ணிக்கை வேண்டும். விளக்கணைத்த பிறகு, பத்தரை மணிவாக்கில், படுத்திருப்பவர்களை எண்ணுவது ஒன்று. வேளைக்கு வேளை சாப்பாட்டுப் பொட்டலம் எத்தனை போனது என்பது இன்னொன்று. முதலாவது தங்குமிடத்துக்கு, இரண்டாவது சமையலுக்கு. நேற்று ராத்திரி இருந்தவர்கள், கூட்டல் வந்தவர்கள், கழித்தல் போனவர்கள், இது இன்று ராத்திரி எண்ணியதோடு ஒத்துவர வேண்டும். இரண்டு மூன்று பேர் வித்தியாசத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மேல் போனால் அன்றைக்கே லயம் லயமாகப் பெயர் கூப்பிட்டுச் சரிபாருங்கள்.

சொந்தக்காரர் வீட்டில் இருப்பவர்கள்

சமூக நல இலாகாவின் பேரிடர்த் தகவல் இணையத்தளம் காட்டுவது நிவாரண மையங்களில் இருப்போரின் எண்ணிக்கை. 2023-ல் ஜோகூரில் 40,000-க்கும் மேற்பட்டோர் என்று செய்திகளில் வந்ததும் மையங்களில் இருந்தவர்களைத்தான். தாமான் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் அதில் வருவதில்லை. உலகம் முழுக்க இதே கதைதான், இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பாலோர் முகாமில் இல்லை, யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறார்கள். உங்கள் பட்டியலும் அரசுப் பட்டியலும் முழுக்க ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு என்பதும் இதனால்தான். உங்களுடையது பெரிதாகத்தான் இருக்கும்.

இவர்களைக் கண்டுபிடிக்க வீடு வீடாக அலைய வேண்டாம். லயத்துக்கு மூன்று பேரைத் தகவல் சொல்பவர்களாகப் பிடியுங்கள்: மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்), கடனுக்குச் சாமான் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர், தமிழ்ப்பள்ளியில் யாராவது ஓர் ஆசிரியை. மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மூவரையும் தனித்தனியாகக் கேளுங்கள், சேர்த்து உட்கார வைத்தால் மண்டோர் சொன்னதற்கே மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். மூன்று பதிலும் நெருங்கி வந்தால் எழுதிக்கொள்ளலாம். ஒரு பதில் ஒட்டாமல் நின்றால் அந்த லயத்துக்கு மட்டும் நேரில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் கோயில் மண்டபம் மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்ட நிவாரண மையமா என்று இப்போதே மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அங்கே தங்குபவர்கள் அரசுக் கணக்கில் இடம்பெறாமல் போகலாம். வெள்ள உதவித்தொகை குடும்பத் தலைவர் கணக்கில்தான் கொடுக்கப்படுகிறது, அதற்கான விதிகளை ஒவ்வொரு முறையும் அரசாங்கம் அறிவிக்கும். பதிவில் பெயர் இல்லாதவர் பிறகு அலைய வேண்டிவரும். அவசரத்துக்கு அரசாங்கத்தின் 'தாலியான் காசே' (Talian Kasih) உதவித் தொலைபேசி எண் 15999.

தேவைப் புத்தகம்

'என்ன வேண்டும்?' என்று கேட்டால் அரிசி, பணம் என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நடந்ததைக் கேளுங்கள். நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்? மருந்து இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது? குழந்தை என்ன பால் குடிக்கிறது, இருக்கும் டின் எப்போது முடியும்? ராத்திரி கழிப்பறைக்குத் தனியாகப் போக முடிகிறதா? கடைசிக் கேள்வியைப் பெண்தான் பெண்ணிடம் கேட்க வேண்டும், மாதவிடாய் அணையாடை பற்றியும் அப்படியே. குடும்பத் தலைவரிடம் கேட்டால் 'எல்லாம் இருக்கு' என்பார்.

மருந்தில் நாள் கணக்கு முக்கியம். 'சர்க்கரை வியாதி உண்டு' என்று எழுதி வைத்ததால்தான் அந்தப் பாட்டி விட்டுப்போயிருப்பார். '2-07, இன்சுலின், புதன் காலையோடு முடிகிறது' என்று எழுதியிருந்தால் செவ்வாய்க்கிழமை ஒருவர் கிளினிக்குக்குப் போயிருப்பார். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், ஐஸ் கட்டிமேல் நேராக வைத்து உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. உபயோகத்தில் இருப்பது, பெரும்பாலான வகைகள், வெயில் படாத அறை வெப்பத்தில் ஏறக்குறைய 28 நாள் தாங்கும். ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போகிறவரின் அடுத்த தேதியைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அவருக்குப் படகு ஏற்பாடு அன்று காலையில் தொடங்கினால் நேரம் போதாது.

அளவுகளுக்குப் பேரிடர் உதவியாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் ஸ்பியர் தரம் உதவும். ஆளுக்குத் தங்குமிடம் 3.5 சதுர மீட்டர், நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, அதில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. தொடக்க நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை என்று சமாளிக்கலாம். 40 அடிக்கு 60 அடி மண்டபம் என்றால் ஏறத்தாழ 223 சதுர மீட்டர், 63 பேருக்குத்தான் சரியான இடம். இருநூறு பேரைப் படுக்க வைத்துவிட்டு இருமலும் சொறியும் எங்கிருந்து வந்தன என்று வியப்பதில் பொருளில்லை. அந்த 63 பேருக்கு ஒரு நாளைக்கு 945 லிட்டர், 200 லிட்டர் நீலப் பீப்பாயில் ஐந்து.

மியன்மார்க் குடும்பங்கள்

அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐநா அகதிகள் ஆணையத்தின் அட்டை, வைத்திருப்பவருக்குக் குடிநுழைவுச் சட்டப்படி எந்தத் தகுதியும் தராது. பெயர், அட்டை எண், படுக்கும் இடம் மூன்றும் ஒரே தாளில் இருந்து, அந்தத் தாள் வாட்சாப்பில் சுற்றினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்களுக்கு எண்ணிக்கை மட்டும்: வீட்டு எண், எத்தனை பேர், வயதுப் பிரிவு, மருந்து. நாடு, இனம், அட்டை எண், படம் எதுவும் வேண்டாம். பெயர் தராவிட்டாலும் சாப்பாடு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஆண்களில் பலருக்கு மலாய் வரும், பெண்களுக்கு வராமல் இருக்கலாம், அவர்களுக்குள்ளேயே மலாய் பேசும் ஒரு பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். அட்டை தண்ணீரில் போய்விட்டால் அவர்களே கோலாலம்பூர் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளக் கைப்பேசியும் சார்ஜும் கொடுங்கள், அவர்களுக்காக நீங்கள் பட்டியல் அனுப்ப வேண்டாம். அரசாங்க மருத்துவமனையில் அந்த அட்டைக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதிச் சலுகை உண்டு என்பதை மட்டும் தெரியப்படுத்துங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு

வீடு திரும்பியதும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். 'திரும்பினார்' என்பதில் மூன்று வகை: ராத்திரியும் அங்கேயே படுக்கிறார், பகலில் மட்டும் போகிறார், போகவே இல்லை. இரண்டாவது வகையில் ஒரு வாரத்துக்கு மேல் ஒரு குடும்பம் நின்றால் மின்சாரமோ கூரையோ மெத்தையோ தடுக்கிறது, போய்க் கேளுங்கள். சேறு கழுவியவர்களுக்குக் காய்ச்சல் வருகிறதா என்பதை நான்கு வாரம்வரை குறித்துக்கொள்ளுங்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில் தலைகாட்டும், சிலருக்கு ஒரு மாதம்வரை ஆகும். அப்படி வந்தால் 'வெள்ளத் தண்ணீரில் இறங்கினேன்' என்று கிளினிக்கில் சொல்லச் சொல்லுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்களைத் தனியே எழுதி, ஒரே நாளில் சேர்த்துப் பதிவு இலாகாவுக்குக் கூட்டிப் போங்கள். பேரிடரில் தொலைந்ததற்குக் கட்டண விலக்கு உண்டா என்று முகப்பிலேயே கேளுங்கள்.

புத்தகங்களை வைத்திருப்பவர் இருவர் போதும், பூட்டு அலமாரியில். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிக நடவடிக்கைகளுக்கானது, கோயில் தொண்டை அது நேராகக் கட்டுப்படுத்தாது என்று யாராவது வாதாடலாம். வாதாடட்டும், பூட்டு இருக்கட்டும். மாவட்ட அலுவலகமோ கொடையாளரோ கேட்டால் லயத்துக்கு எத்தனை பேர், என்ன தேவை என்ற கூட்டுத்தொகையைக் கொடுங்கள். பெயரோடு கொடுப்பது அந்தக் குடும்பம் சம்மதித்தால் மட்டும். வீட்டுப் புத்தகத்தை அடுத்த அக்டோபருக்கு வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் உதவி வழங்கி முடிந்து ஆறு மாதம் கழித்து எரித்துவிடலாம்.