வெல்டிங் ரெகுலேட்டரை வீட்டு ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாட்டலாமா?

தண்டையார்பேட்டை வீட்டில் அப்பாவுக்காக ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கும் நீங்கள், வெல்டிங் பட்டறைக்கு விற்கும் ரெகுலேட்டர் (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து வாயுவை வெளியே விடும் கருவி) விலை குறைவாக இருப்பதால் அதையே வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அது சிலிண்டரின் வாயில் பொருந்திவிடக்கூடும் என்பதுதான் ஆபத்து. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் செல்கிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டர் அதில் இருக்காது, பட்டறையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் நிரம்பிய சிலிண்டரின் ஏறத்தாழ 150 பார் அழுத்தத்தில் அது தீப்பற்றவும் கூடும். ஃப்ளோமீட்டரும் ஈரப்பதக் குப்பியும் சேர்ந்த மருத்துவ ரெகுலேட்டரை, உங்கள் சிலிண்டர் வால்வின் படத்தைக் காட்டி, மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் வாங்குங்கள்.

மாட்டுகிறவர் கையில் எண்ணெயோ தைலமோ இருக்கக் கூடாது. கசிந்தால் வாஷரை மாற்ற வேண்டுமே தவிர, கிரீஸ் தடவவே கூடாது. ஃப்ளோமீட்டரை மூடி வைத்துவிட்டு வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும், ஏனெனில் திடீரெனப் பாயும் வாயு ரெகுலேட்டருக்குள் அழுந்திச் சூடேறும். 1,500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும். மருத்துவர் சொன்ன அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு மிகுதியான ஆக்சிஜனும் கேடு செய்யும்.

நம் பகுதியின் ஒற்றை அறை வீடுகளில் கட்டிலுக்கு அருகிலேயே அடுப்பும் இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை: ஆக்சிஜன் ஓடும்போது அடுப்பு, ஊதுவத்தி, பீடி எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது.