ஈஜென் மலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது?

கேள்வி: நாங்கள் கோவையைச் சேர்ந்த தம்பதி. ஜூலையில் ஏழு நாள் விடுப்பில் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவுக்குப் போய் புரோமோ, ஈஜென் எரிமலைகளையும் தும்பாக் செவு அருவியையும் பார்க்க ஆசை. ஈஜெனில் இரவில் எரியும் நீலத் தீயைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார் கணவர். எனக்குச் சிறு வயதிலிருந்து லேசான ஆஸ்துமா உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறேன். பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய மூன்று நாள் திட்டத்தில் "முகமூடி தருவோம், பயம் வேண்டாம்" என்று இருக்கிறது. நான் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் நீலத் தீ எரியும் பள்ளத்துக்குள் நீங்கள் இறங்க வேண்டாம். மேல் விளிம்போடு நின்றுகொள்ளுங்கள். அந்த மூன்று நாள் திட்டத்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்தத் தீ எரிமலைக் குழம்பு அல்ல. பாறை வெடிப்புகளிலிருந்து சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடான கந்தக வாயுக்கள் சீறி வருகின்றன. காற்று பட்டதும் அவை நீல நிறத்தில் பற்றி எரிகின்றன. கந்தகம் எரிந்தால் கிடைப்பது கந்தக டை ஆக்சைடு. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் சுருங்க வைப்பது இதே வாயுதான். தீயை நெருங்குவதும் வாயுவை நெருங்குவதும் ஒன்றே. சாதாரணமாக மூக்கு இந்த வாயுவில் பெரும்பங்கை வடிகட்டிவிடும். மலையேறும்போது வாயால் மூச்சு வாங்குகிறோம். அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. 2018 மார்ச்சில் இந்தப் பள்ளத்திலிருந்து திடீரென வெளியான வாயுவால் சுமார் 30 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் சுற்றுவட்டாரத்து மக்கள், மலையின் குணம் தெரிந்தவர்கள்.

முகமூடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வாயுவுக்குக் குப்பி போன்ற வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் கந்தக டை ஆக்சைடுக்கான வடிகட்டியில் மஞ்சள் பட்டையும் 'E' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். வடிகட்டிக்குக் காலாவதித் தேதி உண்டு. முதல் முறை போனபோது எனக்கு வாடகைக்குக் கிடைத்த முகமூடியின் ரப்பர் விளிம்பில் விரல்நீள வெடிப்பு இருந்தது. வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன்; கொடுத்தவருக்குத் தெரியவில்லை. முகமூடியை மாட்டியதும் இரு உள்ளங்கைகளாலும் வடிகட்டிகளை மூடி மூச்சை உள்ளே இழுங்கள். ரப்பர் முகத்தோடு ஒட்டி உறிஞ்ச வேண்டும். ஒட்டவில்லை என்றால் அது வெறும் அலங்காரம். உங்கள் கணவருக்குத் தாடி இருந்தால் முகமூடி படியவே படியாது. உங்களுக்கோ இன்னொரு சிக்கல்: நல்ல முகமூடியிலும் மூச்சை இழுக்கக் கூடுதல் பலம் வேண்டும். ஏற்கெனவே இறுகிய நெஞ்சுக்கு அது பெரும் பாரம்.

"நான் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன், நீ மேலே இரு" என்று கணவர் சொல்லக்கூடும். அதைப் பயணத்தைத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இருட்டில், குளிரில், காற்று எப்போது திசை மாறும் என்று தெரியாத விளிம்பில் நீங்கள் தனியாக இருப்பது எனக்குச் சம்மதமில்லை. பல சமயம் புகை மறைத்து, இறங்கியவர்களுக்கே தீ தெரியாமல் போகிறது.

நள்ளிரவுக் கூட்டத்தோடு ஏறாமல், இருவரும் அதிகாலை நான்கு மணி வாக்கில் அடிவாரமான பால்துடிங்கிலிருந்து கிளம்புங்கள். விளிம்புக்கு மூன்று கிலோமீட்டர் நடை, சுமார் 500 மீட்டர் ஏற்றம். முதல் இரண்டு கிலோமீட்டர்தான் செங்குத்து. நிதானமாக ஏறினால் இரண்டு மணி நேரம் ஆகும். அப்போது பொழுது விடிந்திருக்கும். காலடியில், பள்ளத்துக்குள், சுமார் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஏரி விரியும். மயில்கழுத்தை நினைவூட்டும் பச்சை நீலம். அதன் பிஎச் அளவு 0.5-க்கும் கீழே, அவ்வளவு அமிலம். சத்தியமாகச் சொல்கிறேன், நீலத் தீயைவிட இந்தக் காட்சிதான் எனக்குள் தங்கியிருக்கிறது.

கந்தகம் வெட்டுபவர்களையும் அங்கே பார்ப்பீர்கள். மூங்கில் கழியின் இரு முனையிலும் கூடை கட்டி, காவடி போலத் தோளில் வைத்து, 70 முதல் 90 கிலோ வரை சுமந்து ஏறிவருவார்கள். ஆள் வளைவில் தெரிவதற்கு முன்பே மூங்கில் முனகும் சத்தம் வந்துவிடும். கூடையில் மஞ்சள் கட்டிகள், தோளில் காய்த்துப்போன தழும்பு. மலைப் பக்கமாக ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். அவர்களில் சிலர் இப்போது பயணிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இழுத்துச் செல்கிறார்கள். மூச்சு வாங்கினால் தயங்காமல் ஏறிக்கொள்ளுங்கள். அதற்குத்தான் அந்த வண்டி.

வெண்புகை உங்கள் பக்கம் திரும்பினால் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, புகையின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகுங்கள். விளிம்பில் பின்னோக்கி நடக்காதீர்கள். 2024 ஏப்ரலில் படம் எடுத்துக்கொள்ள நின்ற ஒரு பயணி தவறி விழுந்து இறந்தார்.

ஈஜென் ஏற மருத்துவச் சான்று கேட்கிறார்கள். வழியில் ரத்த அழுத்தம் பார்த்துக் கையெழுத்திடும் சான்று உங்களுக்குப் போதாது. கோவையிலேயே உங்கள் நுரையீரல் மருத்துவரிடம் கந்தக வாயு, குளிர், ஏற்றம் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். நடப்பதற்கு முன் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா, எந்த அறிகுறியில் திரும்பிவிட வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் ஈஜெனை விட்டுவிடுங்கள். இன்ஹேலரை முதுகுப் பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். குளிர்ந்துபோனால் மருந்து சரியாகப் பீச்சாது.

மூன்று நாள் திட்டத்தின் கோளாறு தூக்கம்தான். புரோமோவுக்காக ஓர் இரவு மூன்று மணிக்கு எழுப்புவார்கள். பகல் முழுக்கக் கார்ப் பயணம். மறுநாள் நள்ளிரவே ஈஜெனுக்கு எழுப்புவார்கள். அலுத்த உடம்பில்தான் ஆஸ்துமா வேலையைக் காட்டும். ஏழு நாள் இருக்கும்போது எதற்கு இந்த ஓட்டம்? முதல் நாள் சுரபயாவில் இறங்கி ஓய்வெடுங்கள். இரண்டாம் நாள் லுமாஜாங் பக்கம் போய்த் தங்கி, மூன்றாம் நாள் காலையில் தும்பாக் செவு. அரைவட்டப் பாறையெங்கும் சுமார் 120 மீட்டர் உயரத்திலிருந்து நூல் நூலாக நீர் இறங்கும் இடம். கீழே போக ஏணியும் கயிறும்தான் வழி. அந்த நீர் செமெரு எரிமலையின் சரிவிலிருந்து வருவது. மேலே மழை என்றால் இங்கே வெயில் அடித்தாலும் இறங்கக் கூடாது.

அன்று மாலை செமோரோ லாவாங் கிராமத்துக்கு வந்துவிட்டால் நான்காம் நாள் விடியல் புரோமோவில். பிரம்மா என்ற பெயர்தான் புரோமோ ஆயிற்று. 2,329 மீட்டர் உயரம்தான். பின்னால் நிற்கும் செமெருவோ 3,676 மீட்டர். ஆனாலும் மூடுபனிக்குள்ளிருந்து புகைந்தபடி எழும் புரோமோவை விட்டுக் கண் நகராது. சுற்றிலும் இருப்பது மணல் கடல் என்றே அழைக்கப்படும் எரிமலை மணல்வெளி. நடுவே தெங்கர் மக்களின் கோயில். இவர்கள் இந்துக்கள், கசாதா திருவிழாவில் காய்கறி, கோழி, ஆடு எனக் காணிக்கைகளை எரிமலை வாய்க்குள் வீசுகிறார்கள். வாய் வரை சுமார் 250 படிகள். என்95 முகக்கவசம் இங்கே கட்டாயம், ஜீப்பும் குதிரையும் கிளப்பும் தூசி அப்படி. ஜூலையில் வெப்பநிலை உறைநிலையைத் தொட்டுவிடும். மூக்கையும் வாயையும் மறைத்துக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். அன்று மதியம் எங்கும் போகாமல் தூங்குங்கள்.

ஐந்தாம் நாள் ஈஜெனுக்கு அருகிலுள்ள பன்யுவாங்கி ஊர், ஆறாம் நாள் ஈஜென். ஏழாம் நாள் கெதாபாங் துறையிலிருந்து படகில் பாலிக்குப் போய் விமானம் ஏறலாம். பாலியின் கடிகாரம் ஜாவாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இரவு விமானமாகப் பாருங்கள்.

இந்தோனேசியாவில் எரிமலை எச்சரிக்கை நான்கு நிலைகளாக அறிவிக்கப்படுகிறது. கிளம்பும் வாரத்திலும் ஒவ்வொரு மலைக்கும் முந்தைய நாளும் நிலையைப் பாருங்கள். மூன்றாம் நிலை என்றால் அந்த மலையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள், கட்டிய பணம் போனாலும் சரி.

ஈஜெனுக்குப் போகும் அன்று கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போதும். மெட்டியையும் கொலுசையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கந்தக வாயு பட்டால் வெள்ளி கறுத்துப்போகும்.