வேனை வீடாக மாற்றினால் டயர் எவ்வளவு எடை தாங்கும்? சி டயரா, சிபி டயரா?

சரக்கு வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சேர்த்து 3500 கிலோவுக்குள் வந்துவிடும் என்பது உங்கள் கணக்கு. முரட்டு டயராகப் பார்த்துப் போட்டால் இன்னும் 200 கிலோ ஏற்றலாமா, சரக்கு வண்டிக்கான சி டயர் வாங்குவதா, கேம்பருக்கான (வீடாக மாற்றிய வண்டிக்கான) சிபி டயர் வாங்குவதா என்று கேட்கிறீர்கள்.

ஏற்ற முடியாது. ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு), பேரிங், பிரேக், ஸ்பிரிங், ரிம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வண்டியின் வரம்பை வைத்திருக்கிறார்கள். டயரை மட்டும் பெரிதாக்கினால் மற்றவை பழையபடியேதான் இருக்கும். பின்னால் காற்றுப்பை சஸ்பென்ஷன் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அதனால் வரம்பு தானாக உயர்ந்துவிடாது. சிலர் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள், எனக்கு அது பயமாக இருக்கிறது.

கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு தகடு இருக்கும். என் வண்டியின் தகட்டில் மொத்தம் 3500, முன் ஆக்சில் 1850, பின் ஆக்சில் 2000 என்று இருந்தது. இரண்டு ஆக்சிலையும் கூட்டினால் 3850 வருகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். மூன்று எண்களில் எதையும் தாண்டக்கூடாது.

நானும் உங்களைப் போலத்தான் காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தேன். வேலை முடிந்ததும் தொட்டி நிறையத் தண்ணீர், டீசல், துணிமணி, பின்னால் இரண்டு பேட்டரி சைக்கிள், உள்ளே நாங்கள் இருவர் என்று பயணம் போகிற கோலத்திலேயே எடைமேடையில் ஏற்றினேன். மொத்தம் 3420. சிரித்துக்கொண்டே இறங்கப் போனவனை மேடைக்காரர்தான் நிறுத்தி, முன் சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு இன்னொரு முறை ஏற்றச் சொன்னார். பின் ஆக்சில் மட்டும் 2050! மொத்தத்தில் 80 கிலோ மிச்சம், பின்னால் 50 கிலோ அதிகம்.

காரணம் நெம்புகோல் கணக்குதான். பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்குகிற எடை, தன் எடையைவிட அதிகமாக அந்த ஆக்சிலை அழுத்தும். என் வண்டியில் இரண்டு ஆக்சிலுக்கும் இடைவெளி 4 மீட்டர். சைக்கிள்களும் அவற்றின் ஸ்டாண்டும் சேர்ந்து 64 கிலோ, பின் ஆக்சிலிலிருந்து 1.6 மீட்டர் தள்ளித் தொங்கின. 64-ஐ 5.6-ஆல் (4-உம் 1.6-உம் சேர்த்து) பெருக்கி 4-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 90 கிலோ. அந்தக் கூடுதல் 26 கிலோ முன் ஆக்சிலிலிருந்து பறித்தது. முன்சக்கர டிரைவ் வண்டியானால் ஈரச் சாலையில் பிடிப்பும் அதோடு போகும். 100 லிட்டர் தொட்டியையும் கட்டிலுக்கு அடியில், பின் ஆக்சிலுக்குப் பின்னால் அரை மீட்டரில் வைத்திருந்தேன். எனவே அந்த 100 கிலோவும் பின்னால் 112 ஆகியிருந்தது.

அப்புறம் ஒரே நாளில் தீராத வேலை. தொட்டியை முன் இருக்கைகளுக்குப் பின்னால் கொண்டுவந்தேன். பின்னால் இருந்த இரண்டு ஈய அமில பேட்டரிகளைக் கழற்றிவிட்டு லித்தியம் போட்டேன், அதில் முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல் குறைந்தது. மறுபடி எடை போட்டபோது முன்னால் 1460, பின்னால் 1930. சைக்கிள்களை எடுக்கவில்லை, வீட்டில் சமாதானம் வேண்டுமே.

இனி டயர். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு வரும் எண்தான் லோடு இண்டெக்ஸ். அது கிலோ அல்ல, ஒரு குறியீடு. 109 என்றால் ஒரு டயருக்கு 1030 கிலோ, 112 என்றால் 1120, 116 என்றால் 1250, 121 என்றால் 1450. 109/107 என்று இரண்டாக இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் ஜோடிச் சக்கரம் உள்ள வண்டிக்கு.

என் வண்டியோடு வந்தது 215/70 ஆர்15 சி, இண்டெக்ஸ் 109. இரண்டு டயருக்கு 2060, ஆக்சிலின் வரம்பு 2000. சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் பாரம் இரு பக்கமும் சமமாக உட்காருவதில்லை. சமையல் மேடை, ஃபிரிட்ஜ், சிலிண்டர் எல்லாம் இடது பக்கம். முதல் நாள் இடது பின்சக்கரத்தை மட்டும் மேடையில் வைத்துப் பார்த்தபோது 1080 காட்டியது. ஆக்சில் மட்டுமல்ல, அந்த ஒரு டயரும் தன் எல்லையைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் கையேட்டில் அனுமதித்திருந்த 225/70 ஆர்15 சி, இண்டெக்ஸ் 112-க்கு மாறினேன். கூடுதலாக ஏற்றுவதற்கு அல்ல, இருப்பதைப் பதறாமல் சுமப்பதற்கு.

சி என்பது சரக்கு வண்டி டயர். சிபி அதே குடும்பத்தில் கேம்பருக்கென்று செய்தது. மாதக்கணக்கில் முழுப் பாரத்தோடு ஒரே இடத்தில் நிற்பதையும், எப்போதும் வரம்பை ஒட்டியே ஓடுவதையும் மனதில் வைத்துப் பக்கச்சுவரை உறுதியாக்கியிருப்பார்கள். பின் டயருக்கு 5.5 பார் (காற்றழுத்த அளவு), அதாவது 80 பிஎஸ்ஐ வரைக்கும் காற்று கேட்கும், மேடுபள்ளத்தில் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பேசும். பின் ஆக்சில் வரம்பை ஒட்டி நிற்கிறதா, வண்டி வருடத்தில் பாதி நாள் அசையாமல் கிடக்குமா, சிபி வாங்குங்கள். என்னைப் போல அடிக்கடி ஓட்டுபவர், கொஞ்சம் இடைவெளியும் இருக்கிறது என்றால் நல்ல சி போதும். 4.5 பாருக்கு மேல் போகும் என்றால் சாதாரண ரப்பர் வால்வு கூடாது, உலோக வால்வு மாட்டச் சொல்லுங்கள். கடையில் அவர்களாகக் கேட்பதில்லை.

இண்டெக்ஸ் சொல்லும் எடை, அதற்குரிய காற்றழுத்தம் இருந்தால்தான் உண்மை. காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், வெடிப்பது அப்படித்தான். அதற்காக நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு அடித்துவிடவும் வேண்டாம். உங்கள் ஆக்சில் எடையைச் சொன்னால் டயர் கம்பெனியின் அட்டவணையில் சரியான அழுத்தம் கிடைக்கும். ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

ஆல் டெரெய்ன், அதாவது கரடுமுரடான பாதைக்கும் ஆன டயர், பார்க்க நன்றாக இருக்கும். கனம் அதிகம், சத்தம் அதிகம், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். மண்பாதையில் நிஜமாகவே ஓட்டுவீர்கள் என்றால் வாங்கலாம், அப்போதும் இண்டெக்ஸ்தான் முதலில். பனியில் போவதானால் எம்+எஸ் (சேறு, பனி) எழுத்தை மட்டும் நம்பாமல், மலைக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரையைத் தேடுங்கள்.

கேம்பர் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகிறது. பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், டயர் செய்த தேதி அதுதான். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம்.

இவ்வளவும் செய்த நான் ஸ்டெப்னியை மறந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்துப் பின்சக்கரம் பஞ்சரானபோது அடியிலிருந்து இறக்கினால், அதே பழைய 109. வேறு வழியில்லாமல் முன்னாலிருந்து ஒரு புது டயரைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை எடை குறைந்த முன்பக்கம் மாட்டி, அடுத்த டயர் கடைவரை மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். ஒரு பஞ்சருக்கு இரண்டு முறை ஜாக்கி.