அடுப்பு ஓடும்போது யூஎஸ்பி கேபிள் வேண்டாம்

கேள்வி: திருமங்கலத்தில் இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கையடக்க ஆசில்லாஸ்கோப் ஒன்று புதிதாக வாங்கினேன். 64 ஜிபி பென்டிரைவைச் செருகினால் அது ஏற்பதில்லை. லேப்டாப்பில் இணைத்தால் சார்ஜ் ஆகிறது, ஆனால் டிரைவ் தெரிவதில்லை. அடுப்பு ஓடும்போதே அலைவடிவத்தை லேப்டாப்பில் பதிவுசெய்ய விரும்புகிறேன். வழி சொல்லுங்கள் ஐயா.

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்ததும் பதறினேன். கேபிள் சரியாக வேலை செய்யாமல் இருந்ததே ஒரு வகையில் நல்லது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இண்டக்‌ஷன் அடுப்பின் பவர் பகுதிக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் இடையே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட் நேராக, ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டையோடுக்குள் போகிறது. அந்த பிரிட்ஜின் மைனஸ் முனையைத்தான் போர்டில் கிரவுண்டு என்கிறோம், ஆசில்லாஸ்கோப்பின் அளக்கும் கம்பியான புரோபின் கிளிப்பை அங்கேதான் மாட்டுகிறோம். பூமியோடு ஒப்பிட்டால் அந்த முனை ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதி நேரம் மைனஸ் 325 வோல்ட் வரை போய்வருகிறது. சாதாரண கையடக்க ஆசில்லாஸ்கோப்பில் புரோபின் கிளிப், புரோபைச் செருகும் பிஎன்சி இணைப்பின் உலோக உறை, யூஎஸ்பியின் கிரவுண்டு மூன்றும் உள்ளே ஒரே கம்பி. பேட்டரியில் மட்டும் ஓடும்வரை கருவி எர்த்தோடு தொடர்பில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். யூஎஸ்பி கேபிள் வழியாக லேப்டாப்பில் இணைத்து, அந்த லேப்டாப்பின் அடாப்டர் மூன்று முனை பிளக்காக இருந்தால், பல அடாப்டர்களில் கிரவுண்டு எர்த்துக்குப் போய்விடுகிறது. அடுப்புக்கு சுவிட்ச் போட்ட அந்தக் கணமே பிரிட்ஜ் டையோடு வழியாக ஷார்ட். டையோடு, ஆசில்லாஸ்கோப், லேப்டாப்பின் மதர்போர்டு எல்லாம் ஒரே வெடியில் போகலாம்.

'அடாப்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுகிறேனே' என்று கேட்பீர்கள். அப்போது ஷார்ட் ஆகாது. ஆனால் லேப்டாப்பின் உலோகப் பாகங்கள் எல்லாவற்றிலும் கரண்ட் இருக்கும். தொடுகிற கை உங்களுடையது. அதைவிட இந்த வெடியே மேல் என்பேன்.

அடுப்புக்கு வரும் மின்சார வழியில் தொடராக சீரிஸ் பல்பு போட்டிருப்பதால் ஆபத்தில்லை என்று நம் ஊர்க் கடைகளில் பலரும் நினைக்கிறார்கள். பல்பு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், மின்சாரத்தைத் தனிப்படுத்தாது. கிளிப்பில் இருக்கும் மின்னழுத்தம் அப்படியேதான் இருக்கும். தனிப்படுத்த ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும். அடுப்பு முழு பவரில் இழுக்கும் 2000 வாட்டுக்கு அது கனமாகவும் விலையாகவும் இருக்கும் என்பதால், குறைந்த பவரில் சோதிக்கும் அளவுக்காவது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி ஐசொலேட்டர் என்று விற்கும் சிறிய போர்டுகளை வீட்டு மின்சாரத்தில் உயிர்க்காப்பாக நம்பாதீர்கள். ஃப்ளூக் 190 வரிசை போன்றவற்றில் உள்ளீடுகளும் யூஎஸ்பியும் தனிப்படுத்தப்பட்டே வருகின்றன. அவற்றின் விலை வேறு, உங்கள் கருவி அந்த ரகமல்ல.

ஆகவே முறை இதுதான்: அலைவடிவத்தைக் கருவியிலேயே நிறுத்திச் சேமியுங்கள். அடுப்பின் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் வடிந்ததை மீட்டரில் பார்த்து, புரோபைக் கழற்றுங்கள். அதன் பிறகே யூஎஸ்பி பக்கம் கை போக வேண்டும். பென்டிரைவுக்கும் இதே விதி. கிளிப் மாட்டியிருக்கும்போது யூஎஸ்பி போர்ட்டின் உலோக விளிம்பிலும் கரண்ட் இருக்கும், ஆகையால் அளக்கத் தொடங்கும் முன்பே பென்டிரைவைச் செருகிவிடுங்கள். இன்னொன்று: அடுப்பின் சுருளுக்கு மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் ஐஜிபிடி டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனையில் ஆயிரம் வோல்ட்டைத் தொடும் உச்சங்கள் வரும். கருவியோடு வந்த, மின்னழுத்தத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10:1 புரோபை அங்கே வைக்காதீர்கள், அந்த மின்னழுத்தத்துக்கு உரிய 100:1 புரோப் வாங்குங்கள்.

இனி பென்டிரைவ். ஃபைல்களை அடுக்கிவைக்கும் அமைப்புகளில் ஃபேட்32 ஒன்றை மட்டுமே பெரும்பாலான கையடக்கக் கருவிகள் படிக்கும். 64 ஜிபி பென்டிரைவுகளில் பலவும் எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன. அதோடு மல்லுக்கட்டாமல் 8 அல்லது 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து, இந்தக் கருவிக்கென்றே ஒதுக்குங்கள். 320க்கு 240 புள்ளித் திரையின் 24 பிட் பிஎம்பி படம் 230 கிலோபைட்தான், இடம் பல்லாண்டுக்குப் போதும். பென்டிரைவுக்கான அகலமான போர்ட் கருவியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன போர்ட் ஒன்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கம்ப்யூட்டரோடு பேச மட்டுமே. செல்போனில் பென்டிரைவ் மாட்ட உதவும் ஓடிஜி இணைப்பை அதில் போட்டாலும் பென்டிரைவ் ஓடாது.

சார்ஜ் மட்டும் ஆவதற்கு முதல் சந்தேகம் கேபிள்தான். உள்ளே இரண்டே கம்பி உள்ளவை ஏராளம். மதுரை டவுன் ஹால் ரோட்டில் வாங்கும்போது டேட்டா கேபிள் என்று கேட்டு, அங்கேயே செல்போனைப் போட்டு ஃபைல் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேபிள் சரியென்றால் கருவியின் மெனுவில் யூஎஸ்பி என்ற இடத்தில் மாஸ் ஸ்டோரேஜ், அதாவது பென்டிரைவ் போலத் தெரியும் முறையைத் தேர்வு செய்யுங்கள். வேறு முறையில் இருந்தால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட்டாகவோ, டெஸ்ட் அண்ட் மெஷர்மென்ட் சாதனமாகவோ தெரியும். அதற்குத் தயாரிப்பாளரின் மென்பொருள் வேண்டும். இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் சில மலிவான கருவிகள் சார்ஜ்கூட ஆகாது. உள்ளே இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய அகல வகையாக உள்ள கேபிளைப் போட்டால் சரியாகிவிடும்.

டிரைவாகத் தெரிந்ததும் ஃபைல்களை நகல் மட்டும் எடுங்கள். அந்த டிரைவை லேப்டாப்பிலிருந்து ஃபார்மட் செய்ய வேண்டாம், சில கருவிகள் தம் இயக்கக் கோப்புகளையும் அங்கேயே வைத்திருக்கின்றன. பேட்டரி தீரும் நிலையில் சேமிக்கவும் வேண்டாம். எழுதும் நடுவில் அணைந்தால் அந்த ஒரு ஃபைல் மட்டுமல்ல, மற்றவையும் கெடலாம்.

ஒவ்வொரு அளவுக்கும் படம், எண்களின் பட்டியலான சிஎஸ்வி ஃபைல் இரண்டையும் சேமியுங்கள். படம் வாடிக்கையாளருக்குக் காட்ட உதவும். பின்னால் நேரத்தையும் வோல்ட்டையும் அளக்க சிஎஸ்விதான் வேண்டும், லிப்ரேஆபிஸ் கால்க் அல்லது எக்செல்லில் திறக்கும். கருவி வெறும் எண்ணைத்தான் பெயராக வைக்கும். ஜாப் கார்டில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, மாலையில் லேப்டாப்பில் போர்டு எண், அளந்த இடம், தேதி என்று பெயர் மாற்றுங்கள். நல்ல நிலையில் வரும் ஒவ்வொரு போர்டிலும் ஐஜிபிடியின் கேட் முனை அலைவடிவத்தை எடுத்துத் தனி ஃபோல்டரில் போட்டுவையுங்கள். அதே போர்டு பழுதாகி வரும் நாளில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.