வாசகர் கேள்வி – பதில்: வாத்துக்குஞ்சுகளுக்கு எந்தச் சூடு ஏற்றது?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தை அடுத்துத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு நெல் வயல் இருக்கிறது. வரும் மார்கழியில் ஒரு நாள் வயதுடைய 30 வாத்துக்குஞ்சுகளை வாங்கி வளர்க்க எண்ணியிருக்கிறோம். 250 வாட் சிவப்பு விளக்குதான் வேண்டும் என்கிறான் மகன். கரிச்சட்டி வைத்தாலே போதும், அந்தக் காலத்தில் அப்படித்தான் வளர்த்தோம் என்கிறார் மாமனார். சாதாரண குண்டு பல்பு போதாதா என்பது என் கேள்வி. — கோபியிலிருந்து ஒரு வாசகி

பதில்: போதும். ஆனால் பெரிய பல்பு ஒன்றைப் போடாமல், 60 வாட் பல்புகள் இரண்டைப் போடுங்கள். நள்ளிரவில் ஒன்று பீஸ் போனாலும் மற்றொன்று விடியும் வரை தாங்கும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற பழைய கணக்குப்படி 30 குஞ்சுகளுக்கு 60 வாட் போதும் என்றாலும், உங்கள் பக்கத்து மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கும் என்பதால் இரண்டையும் எரியவிடுவதே நல்லது. கடைக்காரர் எல்.இ.டி. பல்பைக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். அது வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தராது.

மகன் சொல்லும் சிவப்பு விளக்கு மோசமானதன்று. அது காற்றைச் சூடாக்குவதைவிடக் குஞ்சின் உடலையும் தரையையும் நேராகச் சூடாக்குகிறது. வெளிச்சம் மங்கலாக இருப்பதால் குஞ்சுகள் நன்றாக உறங்கும். ஆயினும் 30 குஞ்சுகளைச் சுற்றித் தடுப்பாக வைக்கும் சிறிய வளையத்துக்கு 250 வாட் என்பது மிகை. குஞ்சுகள் விலகி நிற்க இடமில்லாமல் போய்விடும். அவிழ்ந்து உமியின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும் அளவுக்கு அது கொதிக்கும். நூறு குஞ்சுகளுக்கு மேல் வாங்கும்போது, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இரும்புச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டு அதைப் பயன்படுத்தலாம். உடையாமலிருக்கப் பூச்சு பூசிய விளக்குகளும் விற்கின்றன. அவற்றில் டெஃப்லான் பூச்சு உள்ளவை சூடேறும்போது வெளிவிடும் ஆவி பறவைகளைக் கொன்றுவிடும் என்பதால், பூச்சு என்னவென்று கேட்டறிந்த பிறகே வாங்க வேண்டும்.

மாமனாரின் கரிச்சட்டியைப் பற்றி அவரிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நாற்புறமும் காற்றோட்டம் உள்ள கூரைச் சாளையில் அது ஒத்துவந்திருக்கலாம். குளிருக்கு அஞ்சிப் படுதாவால் மூடிய கொட்டகையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும்; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகை தெரியவில்லை என்பதால் நஞ்சு இல்லை என்று ஆகாது. மின்வெட்டுக்கு மாற்றாக, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றி வளையத்துக்குள் படுக்க வையுங்கள். சட்டென்று இருட்டானால் குஞ்சுகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அடியில் இருப்பவை நசுங்கிச் சாகும். ஆகவே மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு ஒன்றும் அங்கேயே இருக்கட்டும்.

கோழிக்குஞ்சு வளர்த்தவர்கள் தவறுவது தண்ணீர் விஷயத்தில்தான். வாத்துக்குஞ்சு தண்ணீரைக் குடிப்பதோடு நிற்காமல் அலகால் வாரியிறைக்கும். அந்தத் துளி கொதிக்கும் பல்பின் மேல் பட்டால் கண்ணாடி வெடித்துச் சிதறும். ஆகவே பல்பு வளையத்தின் ஒரு கோடியிலும் தண்ணீர்ச் சட்டி மறு கோடியிலும் இருக்க வேண்டும். ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும், ஏனெனில் பிளாஸ்டிக் உருகிவிடும். பல்பைச் சுற்றிக் கோழி வலையால் ஒரு கூடு செய்து, மின்கம்பியின் பிடியில் விடாமல் தனிக் கம்பியில் கட்டுங்கள்.

முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு மட்டத்தில் 32 டிகிரி இருக்கலாம். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் பல்பை உயர்த்திக் குறைத்துவந்தால், நான்காம் வாரத்துக்குப் பிறகு பகலில் சூடே தேவைப்படாது. வெப்பமானியைவிடக் குஞ்சுகளையே நம்புகிறவன் நான். பல்புக்கடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். விளிம்புக்கு ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சுவாங்கினால் வெக்கை. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது என்று பொருள். பரவலாகப் படுத்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

கேள்வி: பெட்டைக்கோழியை அடைவைத்து வாத்து முட்டைகளைப் பொரிக்கவைத்தால் விளக்கே வேண்டாமல்லவா? — தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: எட்டு, பத்துக் குஞ்சுகள் வரை தேவையில்லை. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள் என்பதால், அந்தக் கூடுதல் வாரத்திலும் எழாமல் படுத்திருக்கும் பழகிய கோழியைத் தேர்ந்தெடுங்கள். வாத்துக்குஞ்சு விரைவாகப் பருப்பதால், இரண்டு வாரங்களில் எல்லாம் கோழியின் இறக்கைக்குள் அடங்காது. குளிர்காலமானால் அப்போது இரவில் ஒரு பல்பு தேவைப்படும். தாய் வாத்திடம் வளரும் குஞ்சின் பஞ்சு இறகில் தாயின் எண்ணெய் ஒட்டும். கோழியிடம் அது கிடைக்காது. ஆகவே இறகு முளைக்கும்வரை குட்டையிலோ வாய்க்காலிலோ இறங்கவிடாதீர்கள். நனைந்து விறைத்த குஞ்சைக் கோழியின் சூடு மட்டும் மீட்டுவிடாது.