பகடைப் பை யாருடையது?

கேள்வி: எனக்கு நாற்பது வயது, டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். 2000 டிசம்பரில் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ படம் என்றால் எனக்கு உயிர். போன மாதம் 14 வயது மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் “குப்பை” என்று எழுந்து போய்விட்டான். மனசு விட்டுப்போயிற்று. (அந்தப் படத்துக்கு என்னைக் கூட்டிப்போனவர் அண்ணன். அதே பெயருள்ள விளையாட்டை வீட்டில் விளையாடும்போது கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் அவர்தான், நான் எப்போதும் திருடன் வேடம். அவருடைய பகடைப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது மிசிசாகாவில் இருக்கிறார், ஆறு வருடமாகப் பேச்சு இல்லை, அது வேறு கதை.) நாம் மதிப்பதை மதிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: உங்கள் மகன் சொன்னதில் பெரிய தப்பில்லை. நானும் பார்த்திருக்கிறேன். ஆஸ்கார் வாங்கிய ஜெரமி ஐயன்ஸ், மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்பதுபோலக் கத்துகிறார், அவருடைய அடியாள் டமோடார் உதட்டில் நீலச் சாயத்தோடு முறைத்துக்கொண்டே இருக்கிறார், கடைசியில் டிராகன்கள் வானத்தில் மோதும்போது அது கம்ப்யூட்டர் வேலை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிகிறது. உங்கள் டொரன்டோக்காரர் கோர்ட்னி சாலமன் இருபது வயதை ஒட்டி அந்த விளையாட்டைப் படமாக்கும் உரிமையை வாங்கி, பத்து வருடம் அலைந்து எடுத்த முதல் படம். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு, ஆனால் போட்ட முதல்கூடத் திரும்பவில்லை. அதே விளையாட்டை வைத்து 2023இல் வந்த புதுப் படத்தைப் போட்டிருந்தால் பையன் முழுசாகப் பார்த்திருப்பான். படத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

அண்ணனை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்?

1974இல் வந்த அந்த விளையாட்டு எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர் அதற்குள் நடந்துபோக வேண்டும், இக்கட்டு வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். வீட்டுப்பாடத்தையும் தூக்கத்தையும் விட்டுவிட்டுத் தம்பிக்காக ஒரு உலகத்தையே கட்டிக்கொடுத்த மனிதர் அவர். நீங்கள் உயிர் என்கிறது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரியை. அதை வெறும் படமாக்கி மகன் கையில் கொடுத்தால் அவனுக்கு என்ன கிடைக்கும், நீல உதடுதான்.

ஏன் பேச்சு நின்றது என்று நீங்கள் எழுதவில்லை. கை நீட்டியிருந்தாலோ ஏமாற்றியிருந்தாலோ முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள். ஆகவே அம்மா காரியத்துச் செலவோ, வீடு வாங்கக் கொடுத்த கைமாற்றோ, விருந்தில் யாரோ வாய்விட்ட ஒரு வார்த்தையோ. இந்த மாதிரிக் கடிதங்கள் எத்தனையோ படித்துவிட்டேன், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். படத்தில் நாயகனின் கூட்டாளித் திருடன் ஸ்னெய்ல்ஸ் பாதியிலேயே செத்துப்போகிறான், கடைசிக் காட்சியில் கல்லறைக் கல்லில் இருந்த அவன் பெயர் தானாக அழிகிறது, ஏன் என்று விளங்கும்படி யாரும் சொல்வதில்லை. அந்தப் படத்தின் மட்டமான இடம் அது. உங்கள் கடிதத்திலும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

மூத்தவர் மேலேயே தப்பு இருந்தாலும் இளையவன் முதலில் படியேறலாம், அதில் குறைந்துபோக ஒன்றுமில்லை என்று நினைக்கிற பழைய ஆள் நான். இதற்குத் திட்டிக் கடிதம் வரும், வரட்டும். உங்கள் மகனுக்கு எட்டு வயதிலிருந்து பெரியப்பா வீடு கிடையாது. பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போய்விடலாம் என்று அவன் எங்கே பார்த்துக் கற்றானாம்?

அப்புறம், விளையாட்டில் நீங்கள் திருடன், சரி. ஆட்டம் முடிந்து இத்தனை வருடமாகியும் அண்ணன் சொத்து உங்கள் கையில்தான் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை பையனைக் காரில் ஏற்றிக்கொண்டு மிசிசாகா போங்கள். போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கேட்டால் இரண்டு பேருக்கும் சாக்குக் கிடைத்துவிடும். பகடைப் பையைப் பையன் கையிலேயே கொடுத்து, பெரியப்பாவிடம் நீட்டச் சொல்லுங்கள். டிவிடியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.